டிஸ்க் பிரேக் கேட்டு வருகிறவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் என்று பழைய கார் வைத்திருக்கும் உங்களில் பலர் சில மாதங்களாக ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள்: "முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் போட்டுத் தாங்கோ." சில்லோடு சுற்றுகிற ஒரு தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிப்பதுதான் டிஸ்க் பிரேக். போட்டுத் தரலாம். ஆனால் இனிமேல் கேட்ட உடனே போட மாட்டோம். இருக்கிற பிரேக்கை முதலில் வடிவாகச் செய்து, ஓடிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் டிஸ்க் பற்றிக் கதைப்போம். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் கையால் நடந்த ஒரு பிழைதான் காரணம். ஒரு மைனருக்கு முன் டிஸ்க் போட்டு அனுப்பினோம். கந்தளாய் போய்த் திரும்பியவர் கராஜ் வாசலில் நிறுத்தும்போதே எரிந்த வாடை அடித்தது. முன் சில்லின் நடுவில் விரலால் நாலு துளி தண்ணீர் தெளித்தோம். சுர்ரென்று ஆவியாகிப் போனது. ஜாக் போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் சில்லு அரை வட்டம்கூட ஓடவில்லை.

பெடலை மிதித்ததும் பிரேக் ஒயிலைப் பைப்புக்குள் தள்ளுகிற பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறிய வால்வு இருக்கிறது. நீங்கள் காலை எடுத்த பிறகும் அது பைப்பில் கொஞ்ச அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் காரில் இருக்கிற டிரம் பிரேக்குக்கு அது வேண்டும். அதில் சில்லோடு சுற்றுகிற டிரம்மை, உள்ளே இருக்கிற ஷூ என்ற இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து அழுத்தும். உள்ளே இழுக்கிற ஸ்பிரிங் இருப்பதால் ஷூ எப்படியும் திரும்பிவிடும். டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. மிச்சமிருக்கும் அந்த அழுத்தமே பேட்டை டிஸ்க்கோடு ஒட்டி வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும். வால்வை எடுக்க மறந்தது நாங்கள். காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தோம். அந்தக் கார் குடும்பத்தோடு அவ்வளவு தூரம் போய் வந்ததே என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

டிரம் பிரேக்கைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது மைனரின் முன் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதானது. முன் சில்லு ஒவ்வொன்றிலும் ஷூவைத் தள்ளுகிற இரண்டு வீல் சிலிண்டர் உண்டு. சில்லு சுற்றுகிற போக்கிலேயே இரண்டு ஷூவும் தள்ளப்படுவதால் டிரம்மே அவற்றை இழுத்து இறுக்கிக்கொள்ளும். சரியாக இருந்தால் நகர ஓட்டத்துக்கு இது நன்றாகவே போதும். இங்கே திருகோணமலைக் கோட்டைப் பக்கம் திடீரென்று மான் குறுக்கே வந்தாலும் கார் நேராக நிற்கும்.

ஆனால் எங்களிடம் வருகிற கார்களில் அது சரியாக இருப்பதில்லை. முன் சில்லு ஒன்றுக்கு, ஷூவை டிரம்முக்குக் கிட்டக் கொண்டுவருகிற அட்ஜஸ்டர் இரண்டு. சில்லைத் தூக்கி, மூடியைக் கழற்றி, டிரம்மின் ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, டிரம் இறுகும்வரை திருப்பி, பிறகு ஒரு 'டிக்' மட்டும் பின்னால் எடுக்க வேண்டும். அப்புறம் டிரம்மைச் சுற்றி, மற்றதையும் அதேபோல. ஒன்றோடு விட்டுவிடுவதால்தான் பல கார்கள் பிரேக் பிடித்ததும் ஒரு பக்கம் இழுக்கின்றன. பின் டிரம்மைக் கழற்றினால் அக்சில் ஒயில் கசிந்து லைனர் (ஷூவின் மேல் இருக்கிற தேய்கிற பட்டை) முழுக்க ஊறியிருக்கும். அந்த லைனரைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடச் சொல்லாதீர்கள், போட மாட்டோம். பழைய லைனர் தூசியைக் காற்றடித்து ஊதவும் மாட்டோம். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், பட்டறையில் சின்னப் பெடியன்களும் வேலை செய்கிறார்கள்.

டிஸ்க்கை விட எங்களுக்குக் கவலை தருவது பைப். மைனரில் நாலு சில்லுக்கும் ஒரே வழியில்தான் ஒயில் போகிறது. எங்கேயாவது ஒரு இடத்தில் பைப் வெடித்தால் நாலும் போய்விடும். கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரத்தில் கார் நிற்பாட்டுகிறவர்களுக்கு இது வீண் பயமல்ல. வெளியே பார்த்தால் பைப் நல்லாகத்தான் இருக்கும். கிளிப்பைக் கழற்றினால், அதற்கு அடியில் உப்பு ஈரம் தேங்கி, நகத்தால் சுரண்டினாலே உதிர்கிற அளவுக்குத் துரு. ஆகவே இரும்பு பைப்பை எடுத்துவிட்டுச் செம்பும் நிக்கலும் கலந்த பைப் போடுகிறோம். முடிந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு வழி பிரிக்கிற இரட்டை மாஸ்டர் சிலிண்டரையும் போடச் சொல்கிறோம். கையில் இருக்கிற காசு ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், டிஸ்க்கை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

இந்த வேலைக்கு நாள் பிடிக்கும். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், சேசிக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டை வெளியே எடுக்கவிடாமல் முன் ஸ்பிரிங்காக வேலை செய்கிற டோர்ஷன் பார் என்ற கம்பி குறுக்கே நிற்கும். அதையும் இறக்க வேண்டும். காலையில் விட்டுப் பின்னேரம் எடுக்கிற வேலையல்ல.

சரி, யாருக்கு டிஸ்க் வேண்டும்? மலைநாட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது டிரம் சூடேறி விரியும், ஷூவை விட்டு விலகும், லைனரின் பிடியும் குறையும், பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் வெளிக்காற்றில் இருப்பதால் சீக்கிரம் ஆறும். வேகமும் ஒரு காரணம். 40 கிலோமீற்றரில் நிறுத்துவதை விட 80இல் நிறுத்தினால் பிரேக் நாலு மடங்கு சூட்டைத் தாங்க வேண்டும். ஹபரணைப் பக்கம் இரவில் யானை குறுக்கே நிற்கிற பாதையில் அந்த வேகத்தில் போவீர்கள் என்றால், பிரேக்குக்கு முன்னால் உங்கள் வேகத்தைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

டிஸ்க் டிரம்மைப் போலத் தானே இழுத்து இறுக்காது, அதனால் காலால் கூடுதலாக மிதிக்க வேண்டும். எஞ்சினின் இழுப்பால் மிதிக்கு உதவுகிற சேர்வோ வைத்தால் அது லேசாகும். ஆனால் எஞ்சின் நின்றால் சேர்வோவின் உதவியும் நின்றுவிடும், இதை வீட்டில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எதைப் போட்டாலும் கடைசியில் றோட்டைப் பிடிப்பது டயர். டயரின் பூ (மேல் வரிப்பள்ளம்) நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயரோடு வந்தால் டிஸ்க் போட்டுத் தர மாட்டோம்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற தரத்துப் புதிய பிரேக் ஒயில் 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அது 155 வரை இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். மைனரில் ஒயில் ஊற்றுகிற மூடி கால் விரிப்புக்கு அடியில் இருப்பதால் அதை மறந்தே போகிறோம்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் காரைக் கொண்டு வாருங்கள். நாலு டிரம்மையும் உங்கள் முன்னாலேயே கழற்றிக் காட்டுகிறோம், பார்ப்பதற்குக் காசில்லை. டிஸ்க் போடுவது என்று முடிவானால் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். கழற்றுகிற பழைய டிரம்மையும் ஷூவையும் ஒரு பெட்டியில் போட்டுத் தருவோம், வீசிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கராஜ்காரர்கள்
திருகோணமலை