வேண்டுமென்றே செய்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் மூன்றாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன். "கொப்பியை எடு, திகதியை எழுது, மூன்றாவது கணக்கைச் செய்" என்றால், கொப்பியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மற்ற இரண்டும் அதற்குள் மனதைவிட்டு நழுவியிருக்கும். அதே பிள்ளை லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பழைய ரேடியோ ஒன்றைக் கழற்றிப் பூட்ட இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறானாம். "அதுக்கு மட்டும் கவனம் வருதே டீச்சர், அப்ப வேணும்னேதானே பண்றான்?" என்று அவன் அம்மா கேட்டார்.

இல்லை. அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) இருக்கலாம் என்று நினைக்கிறேன். அது உள்ள பிள்ளைகளுக்குக் கவனமே கிடையாது என்பது தவறு. கவனத்தை வேண்டிய இடத்தில் நிலைநிறுத்துவதும், இடையில் வருவதை ஒதுக்குவதும், கேட்டதைச் சற்று நேரம் மனதில் பிடித்து வைப்பதும்தான் சிரமம். பிடித்த வேலை தானாகவே இழுத்துக்கொள்ளும். இதே சிரமம் இருந்தும் ஓடித் திரியாமல், ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் பெண்பிள்ளைகளை யாரும் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கி, வீட்டிலும் பாடசாலையிலும் 6 மாதமாவது நீடிக்கின்றனவா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். கண், காது சோதனையும் தேவை.

இப்போது அவனை முன்வரிசையில் இருத்தி, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்கிறேன். போன வாரம் இரண்டு கணக்கு முடித்தான். ஆனால் மருத்துவரிடம் போக அம்மா ஒரு நாள் பேரை (நாட்கூலியை) விட்டு பஸ் ஏற வேண்டும். மாதம் ஒருமுறையாவது சிறுவர் மனநல கிளினிக்கைத் தோட்டப் பக்கம் நடத்த சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்