குப்பியைச் சோதிக்காமல் மென்பொருளை ஓட்டலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலத்தடிக் கச்சா எண்ணெயின் தன்மைகளைக் கணிக்கும் பிவிடி (அழுத்தம், கன அளவு, வெப்பநிலை) மென்பொருள்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ஆய்வகப் புள்ளிகள் மீது கணினிக் கோடு படிந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தைத் தருகிறது. பத்துப் பதினைந்து அளவுருக்களை இஷ்டத்துக்கு நகர்த்தினால் எந்தக் கோடும் படியும். ஆய்வகத்தில் சோதித்தது கிணற்றில் இருக்கும் திரவம்தானா? அதை முதலில் பார்க்க வேண்டும்.

கிணற்றிலிருந்து வரும் எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் கலனான பிரிப்பானில், சோதனைக்காகப் பிடித்த எண்ணெய்க் குப்பி ஒன்று. பிடித்த நேரத்தில் பிரிப்பான் 40 டிகிரி செல்சியஸ், 20 பார் அழுத்தத்தில் இருந்ததென்றால், ஆய்வகத்தில் அதே 40 டிகிரியில் அந்த எண்ணெயின் குமிழி அழுத்தமும் (அழுத்தம் குறையும்போது முதல் வாயுக் குமிழி தோன்றும் அழுத்தம்) 20 பாரை ஒட்டியே வர வேண்டும். 14 வந்தால், வழியில் வாயு கசிந்திருக்கிறது, அல்லது பிடிக்கும்போதே பிரிந்து போயிருக்கிறது. அந்த எண்ணெயை வாயுவோடு மறுபடி கலந்து எழுதிய அறிக்கை பார்க்க அழகாகவே இருக்கும். மென்பொருளும் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்ளும்!

அடுத்தது அளவுருக்களைப் பொருத்தும் வரிசை. அழுத்தம், கன அளவு, வெப்பநிலை மூன்றையும் இணைக்கும், 1976இல் வந்த பெங்-ராபின்சன் சமன்பாட்டையே பலரும் பயன்படுத்துகிறோம். அதில் மீத்தேன், ஈத்தேன் போன்றவற்றின் நிலைமாறு வெப்பநிலை (இதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது), நிலைமாறு அழுத்தம் எல்லாம் துல்லியமாக அளக்கப்பட்டவை, தொடக் கூடாது. சந்தேகமெல்லாம் மூலக்கூறில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட கார்பன் கொண்ட கனமான பகுதியில்தான். அதன் மூலக்கூறு எடையை அளப்பதிலேயே 10 சதவீதம் வரை பிழை வரலாம். ஆகவே முதலில் அதையும், மீத்தேனோடு அந்தக் கனமான பகுதிக்குள்ள இடைவினைக் கெழுவையும் (இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதைக் குறிக்கும் எண்) கொஞ்சம் நகர்த்திக் குமிழி அழுத்தத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு கன அளவுத் திருத்தத்தால் அடர்த்தியைச் சரிசெய்யலாம். இந்தத் திருத்தம் குமிழி அழுத்தத்தைக் கலைக்காது. பாகுத்தன்மை கடைசியில்தான். அதைக் கணிக்கும் லோரன்ஸ்-பிரே-கிளார்க் முறையில் அடர்த்தியின் நான்காம் அடுக்கு வரை போகும் கோவை ஒன்று உண்டு. அந்தக் கோவையையே மீண்டும் நான்காம் அடுக்குக்கு உயர்த்துகிறார்கள். அடர்த்தியில் சிறு பிசகு இருந்தாலும் பாகுத்தன்மை எங்கோ போய் நிற்கும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பொருத்திய மாடலில் பின்னால் வாயு செலுத்திப் பார்த்தால், கனமான கூறு இலேசான கூறைவிட எளிதில் ஆவியாவதாகக்கூடக் கணினி சொல்லும்.

இன்னொரு பிழை, மாடலிலிருந்து எண்ணெயின் தன்மைகளுக்கான அட்டவணை எடுக்கும்போது. படிப்படியாக வாயுவை வெளியேற்றும் சோதனையில் கிடைக்கும் எண்ணெய்க் கன அளவுக் காரணியை (மேலே கிடைக்கும் ஒரு பங்கு எண்ணெய் நிலத்தடியில் எத்தனை பங்கு இடம் பிடித்தது என்ற விகிதம்), பிரிப்பான் சோதனைக்கு ஏற்பத் திருத்தாமல் அப்படியே போட்டுவிடுகிறார்கள். குமிழி அழுத்தத்தில் அந்தக் காரணி முதல் சோதனைப்படி 1.60, பிரிப்பான் சோதனைப்படி 1.48 என்று வைத்துக்கொள்வோம். நிலத்தடியில் உள்ள எண்ணெய் 7.5 சதவீதம் குறைத்து மதிப்பிடப்படும்.

ஆய்வக அறிக்கையே இல்லாதபோது ஏற்கெனவே அளந்த எண்ணெய்களின் தரவிலிருந்து உருவாக்கிய தொடர்புச் சமன்பாடுகள் கைகொடுக்கும். ஆனால் 1947இல் ஸ்டாண்டிங் தந்தது கலிபோர்னிய எண்ணெய்க்கானது, 1980இல் கிளாசோ தந்தது வடகடல் எண்ணெய்க்கானது; வேறு எண்ணெய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது.

மாடலைப் பெறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த அளவுரு எவ்வளவு மாற்றப்பட்டது என்ற பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். அதில் மீத்தேனின் நிலைமாறு வெப்பநிலை இருந்தால், மாடலைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
பெட்ரோலியப் பொறியாளர்கள் சிலர்