மறுப்பவரைத் தண்டிப்பதா, ஆவணங்களைத் திறப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இன அழிப்பு போன்ற வரலாற்றுக் கொடுமைகள் நடக்கவே இல்லை என்போரைத் தண்டிக்க நம் நாட்டிலும் சட்டம் வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் கோபம் எனக்கும் உண்டு. அவர் கேட்கும் சட்டத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அத்தகைய சட்டம் இருப்பதன் நியாயம் புரிகிறது. ஆனால் ஹிட்லர் ஆட்சியின் யூத இனப்படுகொலையை மறுத்த பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங்கின் பொய்யை உடைத்தது 2006இல் வியன்னா நீதிமன்றம் விதித்த 3 ஆண்டுச் சிறைத்தண்டனை அன்று. 2000ஆம் ஆண்டிலேயே, அவரே தொடுத்த அவதூறு வழக்கில், வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் தரப்பினர் அவருடைய எழுத்தை மூல ஆவணங்களோடு ஒப்பிட்டு, அவர் திரித்த இடங்களை லண்டன் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டியபோதே அது உடைந்துவிட்டது. இர்விங்கைச் சிறையிலிடுவதை லிப்ஸ்டாட்டே ஆதரிக்கவில்லை.

துருக்கியில் நடந்தது இதற்கு நேர்மாறு. முதல் உலகப் போர்க் காலத்தில் அன்றைய துருக்கிய (ஒட்டோமான்) அரசு நடத்திய ஆர்மீனியர் படுகொலையைப் பற்றி அஞ்சாமல் பேசிய பத்திரிகையாளர் ஹ்ராண்ட் டிங்க், துருக்கியரை இழிவுபடுத்தினார் என்று 2005இல் தண்டிக்கப்பட்டார். 2007இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எது வரலாறு என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் கொடுமை செய்த அரசின் கைக்கே போனால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். பகை மூட்டும் பேச்சைத் தண்டிக்க நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது.

நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. இங்குள்ள மத்திய சிறையில், அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 16 நாட்களே ஆகியிருந்த 1950 பிப்ரவரி 11 அன்று, பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அண்மையில் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர், "அதெல்லாம் கட்டுக்கதைங்க டீச்சர்" என்றார். என் தந்தை பெட்டியில் மடித்து வைத்திருந்த அக்காலச் செய்தித்தாள் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தேன். மடிப்பில் கிழிந்துபோயிருந்த வரிகளை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் படித்தார். முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு, "சுட்டவங்களுக்கு என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்டார். தண்டனைக்கு அஞ்சி அவர் முதலிலேயே வாயை மூடியிருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது.

எனவே அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தத் துப்பாக்கிச் சூடு தொடர்பான அரசு ஆவணங்களைத் தமிழில் அச்சிட்டு, சேலம் மாவட்ட மைய நூலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.