பழையபேட்டைப் புளி மண்டியில் இரண்டு இரவுகள்

கிருஷ்ணகிரி ஊராருக்கும் பழையபேட்டைச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

மார்கழிக் குளிரில் எங்கள் ஒலி, ஓவிய விழாவுக்கு வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே கேட்டவர்கள் வரை அத்தனை பேருக்கும் நன்றி. ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே உள்ளே வராதவர்களுக்காகத்தான். அவர்கள் வெளியே சத்தம் போடாமல் இருந்ததால்தான் உள்ளே எங்களால் ஒலியைக் காட்ட முடிந்தது.

முதலில் மண்டிக்கார ஐயாவுக்கு. சையத் பாஷா மலைக்கோட்டையின் அடிவாரத்தில், சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் தேக்கு உத்தரமுமாக முப்பாட்டன் காலத்திலிருந்து நிற்கும் கட்டடம் அது. பழைய புளி போய், புதுப் புளி வருவதற்கு முந்தைய இடைவெளியில் சாவியை எங்கள் கையில் கொடுத்தார். வாடகை பேசவில்லை. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் சொன்னது. அதனால் ஒலிபெருக்கி, விளக்கு, ஓவியம் எல்லாவற்றையும் உத்தரத்திலிருந்து கயிறு கட்டியே தொங்கவிட்டோம். ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் கழற்றிய பிறகு அவர் டார்ச் அடித்துச் சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

அப்புறம், மூட்டை தூக்கும் அண்ணன்மார்கள். முதல் சோதனையில் நாங்கள் உடைந்தே போனோம். பேசினால் ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி எல்லாம் குழம்பியது. மண்டி ஏறத்தாழ 90 அடி நீளம். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் வேகத்தில் போய்க் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வர ஆறில் ஒரு பங்கு விநாடி ஆகும். பேச்சைக் கெடுக்க அது தாராளம். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “மூட்டை இருந்தவரைக்கும் இப்படிக் கத்தலைங்க. காலி பண்ணா எப்பவும் இப்படித்தான்.” அன்று சாயங்காலமே ஆறு பேர் வந்து, பழைய சாக்குகளில் தென்னை நார் திணித்து, கடைசிச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வரிசையாகத் தொங்கவிட்டார்கள். சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டால் தாழ்ந்த ஒலியும் கொஞ்சம் அடங்கும். எதிரொலி முழுவதும் போய்விடவில்லை. போகவும் வேண்டாம் என்று விட்டோம், அது அந்தக் கட்டடத்தின் குரல். அந்தச் சாக்குகளின் மேல்தான் பள்ளிப் பிள்ளைகள் நம் மாவட்டத்துப் பாறைகளில் இருக்கும் வெள்ளை ஓவியங்களைப் பார்த்துச் சுண்ணாம்பால் வரைந்தார்கள்.

ஒலிபெருக்கி தருவதாக ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம் விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கைவிரித்துவிட்டது. காவேரிப்பட்டணம், பர்கூர், இராயக்கோட்டை மைக்செட்காரர்கள் இல்லையென்றால் விழாவே இல்லை. கல்யாண சீசன் இல்லாத மாதம் என்பதற்காக மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள், ஆளும் கூடவே வந்தார்கள். 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் அரங்கின் சுவர்களில் நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் பதித்து ஒலியை நகரவிட்டார்கள். எங்களிடம் இருந்தவை பதினாறு, அதுவும் ஐந்து கடைச் சரக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். மண்டியின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, பத்தடித் தூரத்துக்கு ஒன்பது மில்லி விநாடி என்று கணக்கிட்டு, அருகில் இருப்பவற்றை அந்த அளவு தாமதப்படுத்தி, பதினாறையும் ஒன்றாகப் பேசவைக்க விடிந்துவிட்டது. அந்த அண்ணன்கள் தூங்காமல் இருந்தார்கள்.

மாவு மில் அக்கா இரண்டு நாளும் ஆறு மணிக்கே மில்லை நிறுத்தினார். அரைக்க வந்தவர்களிடம் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியதும் அவர்தான். எதிர்வீட்டுச் சீமந்தத்தில் பாட்டுப் போடாமல் விருந்து நடந்தது. அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்த அமைதி கிடைத்ததால்தான் தாலாட்டுகள் கேட்டன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, மூலைக்கு ஒரு மொழியில் ஒரு தாய் பாடினாள். நடுவில் நின்றால் நான்கும் கலந்து ஒரே முனகலாகக் கேட்கும். ஒரு மூலையை நோக்கி நாலடி நடந்தால் சொல் தெளியும். நம் மாவட்டத்தின் சந்தையில் நடப்பதும் இப்படித்தானே இருக்கிறது! பாடித் தந்த நான்கு அம்மாக்களும் பெயர் போட வேண்டாம் என்றார்கள்.

கூத்துக் கலைஞர்களை எப்படிச் சொல்வது? திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் அர்ச்சுனன் தவம் செய்ய உயரமான தபசு மரம் ஏறுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மரத்தின் அடியில் மிருதங்கம், முகவீணை என்னும் சின்ன நாயனம், பின்பாட்டு. மேலே போகப் போக அர்ச்சுனன் குரல் மட்டும் தனியே விலகும். ஆடுபவரின் மார்பில் ஒரு சின்ன மைக்கைக் கட்டிக்கொள்ளவும், கீழே ஐந்து மைக் வைத்துப் பதிவு செய்யவும் கூத்து வாத்தியார் சம்மதித்தார். கோயில் காரியத்துக்குக் குறை வராமல் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று அவரே காட்டினார். மண்டியில் விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பதிவைப் போட்டோம். குரல் படிப்படியாக உத்தரத்துக்கு ஏறியது. கூட்டம் தலையைத் தூக்கியது. மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசும் கட்டம் வந்தபோது, என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி இருட்டில் முந்தானையை விரித்து ஏந்தினார். பாட்டியம்மா, நீங்கள் யாரென்று தெரியவில்லை. இந்த மடல் உங்களுக்கும்தான்.

கூத்துப் பதிவின் ஒரு படியை வாத்தியாரிடமும் ஒன்றைக் கோயிலிலும் கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் வரைந்த சாக்குகள் பொங்கல் வரை மண்டியில் தொங்கும். தை பிறந்து புது மூட்டை வருவதற்குள் வந்து பாருங்கள். சாவி மாவு மில் அக்காவிடம் இருக்கிறது.

நன்றியுடன்,
விழாக் குழுவினர் சார்பில்,
கிருஷ்ணகிரி