மாப்பிள்ளைக்கு, டர்போ விஷயமாக

வண்டிச்சோலை, குன்னூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குப் பனிக்காலத்தில் முட்டி வலி கூடும், வெயில் வந்ததும் குறைந்துவிட்டது, இப்போது தோட்டம் வரை நடக்கிறார். இந்த வருஷம் ஊட்டிப் பக்கம் உறைபனி பலமாக விழுந்தது. இலை கருகிப் பச்சைத் தேயிலை வரத்து குறைந்ததால், சும்மா நிற்கும் பிக்கப் வண்டிகளையெல்லாம் இப்போதே ரிப்பேர் வேலைக்கு என்னிடம் விட்டுவிட்டார்கள். பட்டறையில் நிற்க இடமில்லை. தங்கச்சி கேட்ட நீலகிரித் தைலத்தை அடுத்த வாரம் ஊருக்கு வந்து திரும்பும் உன் சித்தப்பா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். மருமகன் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறான் என்றாயே, பரீட்சை முடியும் வரை அவனை கராஜ் பக்கம் விடாதே.

சரி, உன் டொயோட்டா சூப்ரா கார் விஷயத்துக்கு வருகிறேன். பாலிடெக்னிக் விடுதிச் சுவரில் அந்த வண்டியின் படத்தை ஒட்டி வைத்திருந்தவன் நீ. இன்று 1995 மாடல் வண்டி ஒன்று, அதுவும் அமெரிக்காவில் விற்ற இடதுபக்க ஸ்டியரிங் வண்டி, ஷார்ஜாவில் உன் வீட்டு வாசலில் நிற்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதனால்தான் உன் கேள்விக்கு அவசரமாகப் பதில் எழுதாமல் நன்றாக யோசித்து எழுதுகிறேன்.

இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று (ஆர்பிஎம்) தொடும்போது வண்டி ஒரு நொடி தொய்ந்து அப்புறம் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அங்கே உள்ள மெக்கானிக், 'இரண்டு டர்போவையும் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று போடு, 700 குதிரைத்திறன் வரும்' என்கிறார். ஒன்றா, இரண்டா என்று நீ கேட்கிறாய். டர்போ என்றால் இன்ஜின் புகையில் சுற்றும் டர்பைன் சக்கரமும், அதோடு சேர்ந்து சுற்றிக் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கம்ப்ரஸர் சக்கரமும்தான். அதில் எத்தனை வேண்டும் என்பதை அப்புறம் பார்க்கலாம். நீ ஓட்டுகிற பாதையில் இன்ஜின் எந்தச் சுற்றில் அதிக நேரம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆனால் ஜெபல் ஹஃபீத் மலை ஏறுகிறாய் என்றால் 3000க்கும் 5500க்கும் இடையில்தான் உன் வாழ்க்கை. 700 குதிரை வருவது அதற்கும் மேலே.

போன வாரம் மசினகுடியில் ஒரு பிக்கப்பின் டர்போவை மாற்றிவிட்டு, அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டு கல்லட்டி வழியாக ஏறினேன். அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் டர்போவின் குணம் முழுவதும் தெரிந்துவிடும். வளைவுக்குள் நுழையும்போது இரண்டாவது கியர், 1300 சுற்று. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கிறேன். இன்ஜின் முனகுகிறது, வண்டி நகர்கிறதே தவிர ஏறவில்லை. சைலன்சரில் கரும்புகை. வளைவு பாதி கடந்த பிறகு மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது, அடுத்த கணம் முதுகில் தள்ளியது போல வண்டி பாய்கிறது. ஆனால் அதற்குள் ஸ்டியரிங்கை நிமிர்த்த வேண்டிய இடம் வந்துவிட்டது. சரக்கு வண்டியில் இது எரிச்சலோடு போய்விடும். பின்சக்கரம் இழுக்கிற, 500 குதிரைக்கு மேல் உள்ள ஒரு காரில் வளைவின் நடுவே இப்படிப் பாய்ந்தால் வால் வீசிவிடும்.

மலையில் இது இன்னும் மோசமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. குன்னூர் ஏறக்குறைய 1850 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், ஊட்டியில் அதைவிடக் குறைவு. டர்போ வேலைக்கு வருவதற்கு முன் இன்ஜின் இந்த மெலிந்த காற்றைத்தான் சுவாசிக்கிறது. அப்போது உன் 3 லிட்டர் இன்ஜின் 2.4 லிட்டர் இன்ஜின் போலத்தான் நடந்துகொள்ளும். பலவீனமான இன்ஜினிலிருந்து வரும் புகையும் குறைவு, அந்தக் குறைந்த புகைதான் டர்பைனைச் சுற்றவும் வேண்டும். ஆக, தாமதம் இரண்டு பக்கமும் அடிக்கிறது. டர்போ முழு வேகம் எடுத்துவிட்டால் மட்டும் மலை தோற்றுப்போகும். அதற்காகத்தானே இந்தச் சாதனம்! 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டு கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சிக்கே போனார், 14,000 அடிக்கு மேல். கடல்மட்டத்தில் அந்த இன்ஜினுக்கு இருந்த பலத்தை டர்போ அங்கேயும் கொடுத்துக் காட்டியது. டர்போவின் ஆரம்பகாலச் சோதனையே ஒரு மலையில் நடந்தது என்பது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

இப்போது உன் வண்டிக்கு வா. அதன் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினில் டொயோட்டா வைத்த இரண்டு டர்போவும் ஒரே அளவுதான், ஆனால் இரண்டும் ஒன்றாக வேலை தொடங்குவதில்லை. கீழ்ச் சுற்றில் ஆறு சிலிண்டரின் புகையும் முதல் டர்போவுக்கே போகிறது. அதனால் 1800 பக்கமே பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், ஏறத் தொடங்குகிறது. சுற்று ஏற ஏற ஒரு வால்வு கொஞ்சமாகத் திறந்து இரண்டாவது டர்போவை முன்கூட்டியே சுழல வைக்கிறது. 4000 பக்கம் வால்வுகள் முழுதாகத் திறந்து இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. நிஸானின் ஆர்பி26 இன்ஜினில் அப்படியில்லை, மூன்று மூன்று சிலிண்டருக்கு ஒரு டர்போ, இரண்டும் எப்போதும் சேர்ந்தே சுழலும்.

டொயோட்டாவின் ஏற்பாடு அருமையானது. ஆனால் அத்தனை வால்வுகளையும் இயக்குவது மெல்லிய ரப்பர் வேக்குவம் ஹோஸ்கள். அவை இன்ஜின் சூட்டில் 30 வருஷம் வெந்துபோயிருக்கும், அதிலும் வளைகுடா வெயிலில். உன் வண்டி 4000இல் தொய்வதற்கு முதல் சந்தேகம் இங்கேதான், டர்போ மேல் இல்லை. இரண்டாவது டர்போ சேரும் நேரத்தில் பூஸ்ட் மீட்டர் முள் கொஞ்சம் இறங்கி ஏறுவது சகஜம். இறங்கி அங்கேயே நின்றுவிட்டால்தான் கோளாறு. அந்த ஹோஸ் எல்லாவற்றையும் சிலிகான் ஹோஸாக மாற்றச் சொல். ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் போட்டு, அப்புறம் அடுத்ததைக் கழற்ற வேண்டும். மொத்தமாகப் பிடுங்கிவிட்டால் திரும்ப மாட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

'சின்ன டர்போ இரண்டு என்றால் தாமதமே இருக்காது' என்று பொதுவாகச் சொல்வார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரம் சுழல மறுக்கும் குணம் அதன் விட்டத்தின் ஐந்தாம் மடியில் ஏறும். ஒரு பெரிய டர்போவின் வேலையை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் விட்டமும் 0.7 பங்கு ஆகும். ஒவ்வொன்றின் மந்தமும் பெரியதில் 18 சதவீதம்கூட வராது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிறிய சக்கரம் அதே காற்றழுத்தம் கொடுக்க 1.4 மடங்கு வேகமாகச் சுழல வேண்டும், அதற்குக் கிடைக்கும் புகையோ பாதிதான். எல்லாவற்றையும் சேர்த்தால் வேகம் எடுக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சம் பிடிக்க முடியாது. அதையும் சக்கர விளிம்புக்கும் கூட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கசிவது தின்றுவிடும். சக்கரம் சிறியதானாலும் அந்த இடைவெளியை அதே அளவில் சுருக்க முடியாது அல்லவா? ஆகவே நிஸான் முறையில் இரண்டு வைப்பதால் வரும் லாபம் பேச்சில் வருகிற அளவு பெரியதில்லை. டொயோட்டா முறையின் லாபம் மட்டும் நிஜம், ஏனென்றால் அங்கே முழுப் புகையும் ஒரு சின்ன டர்போவுக்குப் போகிறது.

வி-6, வி-8 இன்ஜின் என்றால் நான் இவ்வளவு எழுதவே மாட்டேன். இரண்டு பக்கமும் புகை வெளியே வருகிறது, பக்கத்துக்கு ஒன்று வைப்பதுதான் வசதி. உன்னுடையது நேர்வரிசை ஆறு. புகை முழுவதும் ஒரே பக்கம். அதோடு அதன் தீப்பொறி வரிசையைப் பார்: 1-5-3-6-2-4. முன் மூன்று சிலிண்டர், பின் மூன்று சிலிண்டர் என்று மாறி மாறி வருகிறது. முன் மூன்றுக்கு ஒரு குழாய், பின் மூன்றுக்கு ஒரு குழாய் என்று டர்பைன் வரை கலக்காமல் கொண்டுபோனால், ஒவ்வொரு குழாயிலும் 240 டிகிரிக்கு ஒரு துடிப்பு. ஒன்றின் துடிப்பு மற்றொன்றைத் தடுக்காமல் முழு வேகத்தோடு சக்கரத்தில் போய் அடிக்கும். இதுதான் ட்வின்-ஸ்க்ரோல். நேர்வரிசை ஆறுக்கென்றே செய்தது போல இருக்கும். பிஎம்டபிள்யூ 2006இல் என்54 இன்ஜினில் இரண்டு டர்போ வைத்தது. 2009இல் என்55 வந்தபோது ட்வின்-ஸ்க்ரோல் ஒற்றைக்கு மாறிவிட்டது. 2019இல் வந்த புது சூப்ராவில் இருப்பதும் பிஎம்டபிள்யூவின் பி58 இன்ஜின், ஒரே டர்போதான். போர்ஷேவும் 1975இல் ஒன்றில் தொடங்கி, 1995இல் 911 டர்போவில் இரண்டுக்குப் போய், 2024இல் 911 கரேரா ஜிடிஎஸ்ஸில் மின்மோட்டார் சேர்த்த ஒற்றைக்குத் திரும்பியிருக்கிறது.

ஆகவே என் பேச்சைக் கேள். முதலில் ஹோஸ். அப்புறம் காற்று வரும் குழாயைக் கழற்றி டர்போவின் ஷாஃப்டை விரலால் பிடித்துப் பார். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருந்தால் பயமில்லை, அது எண்ணெய்க்கு விட்ட இடம். முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற மாதிரி ஆடக் கூடாது. சக்கரத்தின் விளிம்பில் கூடு உரசிய பளபளப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். இரண்டும் நன்றாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள். உனக்கு வந்திருப்பது இரும்புச் சக்கர டர்போ, ஜப்பான் வண்டிகளின் செராமிக் சக்கரம் போலப் பூஸ்ட் ஏற்றினால் உதிரும் பயம் இல்லை. கையிருக்கும் 320 குதிரையை முழுதாக எடுத்தாலே ஹஃபீத்துக்குப் போதும்.

ஒரு டர்போ போய்விட்டது என்று தெரிந்தால், பழையபடி இரண்டு வாங்கிப் பணத்தைக் கொட்டாதே. ஒற்றைக்கு மாறு, ஆனால் நடுத்தர அளவு, பால் பேரிங், ட்வின்-ஸ்க்ரோல். சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டும் பிரிந்ததாக இருக்க வேண்டும், மிஞ்சிய புகையை டர்பைனுக்கு விடாமல் திருப்பும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் வழியிலும் இரண்டும் கலக்கக் கூடாது. பிரிக்காத மேனிஃபோல்டில் ட்வின்-ஸ்க்ரோல் கூட்டை மாட்டி விற்பார்கள், அது வீண். 450 குதிரைக்குக் கணக்குப் போட்டு வாங்கு. 700க்கு வாங்கிய சக்கரத்தை 3000 சுற்றில் கிளப்புவது, நிறைந்த ஆட்டுக்கல்லில் குழவியை முதல் சுற்று சுற்றுவது போலத்தான். இன்ஜின் 600 வரை தாங்கும் என்பதற்காக வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை.

இன்னொன்று. எதைப் போட்டாலும், அழுத்திச் சூடான காற்றை இன்ஜினுக்குப் போகுமுன் குளிர்விக்கும் இன்டர்கூலரை மாற்று. உன் வண்டியில் முன்சக்கரத்துக்கு முன்னால் ஓரமாக ஒளிந்திருக்கும் சின்ன இன்டர்கூலர் உன் ஊருக்குப் பற்றாது. 45 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து ஏறக்குறைய 140 டிகிரியில் வெளியே வரும். இங்கே குன்னூரில் 15 டிகிரி குளிர்தான், ஆனால் அதே அளவு காற்றழுத்தம் வேண்டுமென்றால் இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும், அதுவும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் வருகிறது. உன் பாலைவனமும் என் மலையும் கம்ப்ரஸருக்கு ஒரே பாடுதான் தருகின்றன. எனக்குக் குளிர்விக்கக் குளிர்ந்த காற்று இருக்கிறது, உனக்கு அதுவும் இல்லை. பம்பருக்கு நேர் பின்னால் பெரியதாக ஒன்று வை.

மேனிஃபோல்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அதன் படத்தை எனக்கு அனுப்பு, இரண்டு பாதியும் சேருகிற இடம் தெரிகிற மாதிரி. ஷாஃப்ட் ஆட்டத்தை வீடியோ எடுத்தும் போடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறை கிடையாது, அப்போது கூப்பிடு. அத்தையையும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைக்காரன்