ரோட்டார் வரைபடத்தில் கடத்துதிறனையும் குறியுங்கள்

கோவை மோட்டார் உற்பத்தியாளர்களுக்கும் அலுமினிய வார்ப்பக உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரியீர்,

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் பம்பு மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளைத் தாண்டாது என்பதால், அதன் ரோட்டாருக்கு (சுழலும் உள்பகுதிக்கு) 99.7 விழுக்காடு தூய அலுமினியமே போதும். 10,000 சுற்றுகளில் ஓட வேண்டிய மின்வாகன ரோட்டாரிலோ, விட்டம் மாறாவிட்டாலும், எண்ட் ரிங்கின் (ரோட்டாரின் இரு முனைகளிலும் உள்ள அலுமினிய வளையத்தின்) மீதான மையவிலக்கு விசை பதினொரு மடங்காகிறது. மென்மையான தூய அலுமினியம் அதற்கு ஈடுகொடுக்காது.

உடனே சிலிக்கானும் மக்னீசியமும் சேர்ந்த, வலிமையான ஏ356 அலுமினியக் கலவைக்குத் தாவுவது எளிது. ஆனால் தூய அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 62 விழுக்காடு என்றால், டி6 முறையில் (உயர் வெப்பத்தில் வைத்து, விரைந்து குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கி) பதப்படுத்திய ஏ356-இல் அது 40 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ரோட்டாரின் மின்தடை ஒன்றரை மடங்காகி, அந்த இழப்பு முழுவதும் வெப்பமாகிறது.

எந்தத் தனிமம் எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட, அது அலுமினியத்தில் கரைந்திருக்கிறதா, தனிச் சேர்மமாகப் பிரிந்திருக்கிறதா என்பதே கடத்துதிறனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கரைந்த டைட்டானியம், வனேடியம், குரோமியம், மாங்கனீசு ஆகியவை நூற்றில் சில பங்கு விழுக்காடு இருந்தாலே தீங்கு செய்யும். போரான் சேர்த்தால் டைட்டானியமும் வனேடியமும் போரைடுகளாகப் பிரிந்துவிடும். (அதே உலையில் பழக்கத்தின் பேரில் உலோகத்தின் படிகமணிகளைச் சிறிதாக்கும் டைட்டானியச் சேர்க்கையை இடுவது வேடிக்கையான முரண்.) இரும்போ திண்ம அலுமினியத்தில் அதிகபட்சம் 0.05 விழுக்காடே கரையும். எஞ்சியது சேர்மமாக ஒதுங்குவதோடு, வார்ப்பு அச்சில் உலோகம் ஒட்டாமலும் காக்கிறது. நிக்கலும் சீரியமும் இவ்வாறே கரையாமல் நுண்ணிய சேர்மங்களாகி வலுவூட்டுவதால், அவற்றை அடிப்படையாகக் கொண்ட கலவைகளே எனக்கு நம்பிக்கை தருகின்றன; நிக்கலின் விலைதான் தடை.

சிலிக்கான், மக்னீசியம் கலவையிலேயே நின்றாலும் வழியுண்டு. டை காஸ்டிங் முறையில் (உருகிய உலோகத்தை அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி) வார்த்த ரோட்டாரை டி6-க்காக உயர் வெப்பத்தில் வைத்தால் உள்ளடங்கிய வாயு கொப்புளமாகக் கிளம்பும். ஆகவே 200 முதல் 250 பாகை செல்சியசில் நெடுநேரம் வைத்து, கரைந்த அணுக்களை வீழ்படிவாக்குங்கள். உச்ச வலிமையில் சிறிது குறையும், கடத்துதிறன் மீளும்.

ஆகவே, கொள்முதல் ஆணையில் விளைவு வலிமையோடு (உலோகம் நிலையாக உருமாறத் தொடங்கும் அளவோடு) குறைந்தபட்சக் கடத்துதிறனையும் எழுதுமாறு மோட்டார் நிறுவனங்களை வேண்டுகிறேன். ஸ்பெக்ட்ரோ சோதனை (ஒளிநிறமாலை வழியான வேதிப் பகுப்பாய்வு) ஒரு தனிமத்தின் மொத்த அளவைச் சொல்லுமே தவிர, கரைந்த பங்கைப் பிரித்துக் காட்டாது. எனவே எண்ட் ரிங்கின் மீது, கடத்துதிறனை அளக்கும் சுழல்மின்னோட்ட மானியையும் வைத்துப் பாருங்கள். வார்ப்பக உரிமையாளர்களுக்கு ஒரே வேண்டுகோள்: சிலிக்கானும் செம்பும் மிகுந்த ஏடிசி12 கலவையின் ரன்னர் கழிவுகளை (அச்சுக்கு உலோகம் பாயும் வழியில் உறைந்த மிச்சங்களை) ரோட்டார் உலைக்குள் விடாதீர்கள்.

இப்படிக்கு,
உலோகவியல் பொறியாளர் ஒருவர்