தாம்பரம் வண்டில வந்த பூக்கார அக்காவுக்கு

ஆபீஸ் முடிஞ்சு கிண்டி ஸ்டேஷன் படில ஓடி வண்டியப் பிடிக்கறதுக்குள்ள செருப்பு வார் அறுந்துபோச்சு, லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல ஒத்தக் கால் செருப்போட கம்பியப் புடிச்சு நிக்கறேன், எல்லாரும் போன்லயே இருக்காங்க. கீழ உக்காந்து மல்லி கட்டிட்டிருந்த நீங்க மட்டும் எதுவுமே கேக்காம செருப்ப வாங்கி, ஊக்கால ஓட்டை போட்டு, ஈர வாழைநார ரெட்டையா முறுக்கிக் கோத்து, மீனம்பாக்கம் வர்றதுக்குள்ள இறுக்கி முடிச்சுப் போட்டுட்டீங்க. காசு நீட்டினா "அதெல்லாம் வேணாம் கண்ணு, பூ வேணும்னா வாங்கிக்கோ"ன்னீங்க. ரெண்டு முழம் வாங்கினேன், அளக்கும்போது உங்க கை கொஞ்சம் தாராளமாவே போச்சு, நான் கவனிச்சேன்க்கா! வீடு வரைக்கும் அந்த வாசனைதான், தலைவலியே போயிடுச்சு. பல்லாவரத்துல சட்டுனு எறங்கிட்டீங்க, பேர்கூட கேக்கல. சாயங்காலம் அந்த லைன்ல வர்றவங்க யாராவது அவங்களப் பாத்தா இத படிச்சுக் காட்டுங்க ப்ளீஸ். ரொம்ப ரொம்ப நன்றிக்கா.